இரண்டாவது சிடியில் ஒரு ஆள் குறைவு

நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. ஒரே ஜாஸ் ஆல்பம் மூன்று தடவை, நாலு தடவை சிடியாக வந்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கிறது, எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது, ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் சார் என்றீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்தான். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் போய்க் கேட்டுவிட்டீர்கள், ஒரு பக்கத்தோடு விடுவேனா? அதோடு, இத்தனை வருஷமாக ஆபீஸில் யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். சிடி வந்த புதிதில் கம்பெனிகள் கைக்குக் கிடைத்த டேப்பைப் போட்டு அவசர அவசரமாக அடித்துத் தள்ளின. அது மூல டேப்பா, நகலா, கேஸட்டுக்காக எடுத்த நகலின் நகலா என்று யாரும் பார்க்கவில்லை. பத்து வருஷம் கழித்து அதே ஆல்பத்தை ‘ரீமாஸ்டர்’, அதாவது ஒலியைச் சீர்செய்தது, என்று அட்டையில் போட்டு மறுபடி விற்றார்கள். அப்புறம் வெளிநாட்டுப் பதிப்பு, தங்கப் பூச்சுப் பதிப்பு. கல்யாண வீட்டில் அதே ரசம் மூன்றாம் பந்திக்கு வருகிற மாதிரிதான். சில சமயம் ருசி கூடியிருக்கும், பல சமயம் தண்ணீர் கூடியிருக்கும்.

ஒப்பிட்டுக் கேட்க இரண்டே விஷயம் போதும். ஒன்று, எல்லா சிடியையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். மீட்டர் வைத்து அளந்து கொண்டுவாருங்கள், உத்தேசமாகத் திருகி அல்ல. இரண்டில் ஒன்று துளி சத்தம் கூடுதலாக இருந்தாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். பழகிய காதும் சொல்லும், படித்த காதும் சொல்லும். இரண்டாவது, சாக்ஸபோனைக் கேட்காதீர்கள். அது எந்த சிடியிலும் நன்றாகத்தான் இருக்கும். பதிவு நடந்த அறையில் எல்லோரையும்விடச் சன்னமான சத்தத்தில் வாசிக்கிறவர் யார் என்று பார்த்து, அவரைத் தேடுங்கள். அவர் இருக்கிறாரா, எங்கே உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.

ஒரு பக்கம் முடிந்தது. இந்த இரண்டையும் செய்யாமல் நான் என்ன செய்தேன் என்பதுதான் இனி வருவது.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. கச்சேரியைத் தவிர வேறு எதையும் சங்கீதம் என்று எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு எப்படியோ ஜாஸ் பிடித்துப்போயிற்று. செம்பூரில் நம் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து சிடியாக்கும் அறையில், நீங்கள் இப்போது உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்யும் அதே அறையில், முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் காது என்றால் நான்தான். மற்றவர்கள் சொல்லச் சொல்ல நானும் அதை நம்பிவிட்டேன்.

கம்பெனியின் பழைய சரக்கில் ஒரு ஜாஸ் எல்.பி. இருந்தது. இந்த ஊர் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த காலத்தில் நாலு பேர் சேர்ந்து பதிவு செய்தது. பியானோ, சாக்ஸபோன், டபுள் பாஸ், டிரம்ஸ். அவர்களில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர் மட்டும் தாராவியில் இருந்தார். பெயர் மாசிலாமணி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவருடைய அப்பா தோல் பதனிடும் வேலைக்காக இங்கே வந்தவர். மாசிலாமணி சர்ச் பேண்டில் டிரம் கற்றுக்கொண்டு ஹோட்டல் மேடைவரை போனார். வாழ்நாள் முழுக்க வாசித்தும், அவர் வாசித்து வெளிவந்த இசைத்தட்டு அது ஒன்றுதான். அவரிடமிருந்த ஒரே பிரதியும் ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது போய்விட்டது.

அந்த எல்.பி. ஏற்கெனவே ஒரு தடவை சிடியாக வந்திருந்தது. ஒல்லியான ஒலி, டேப் ஓடும் இரைச்சல் வேறு. யாரும் வாங்கவில்லை. பிறகு வெளிநாட்டில் அந்த ஆல்பத்தைத் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் மானேஜர் மூல டேப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். நேற்றுப் பதிவு செய்த மாதிரி இருக்க வேண்டும், இரைச்சல் என்ற பேச்சே கூடாது என்றார். எனக்கும் அதுதான் ஆசை.

அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு மெதுவான பாட்டு. அதில் மாசிலாமணி குச்சியால் வாசிக்கவில்லை, பிரஷால் வாசித்தார். மெல்லிய கம்பிகளை விசிறிபோல் விரித்துக் கட்டிய கைப்பிடி அது. டிரம்மின் தோல்மேல் அதை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் பாட்டு முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். டேப்பின் இரைச்சலும் ‘உஸ்ஸ்’தான்.

இரைச்சலை எடுக்கும் மென்பொருள் அப்போது எங்களுக்குப் புதிது. அது எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், என் தப்பு அங்கேதான் இருக்கிறது. அதற்கு முதலில் ‘இதுதான் அழுக்கு’ என்று ஒரு மாதிரியைக் காட்ட வேண்டும். பாட்டு தொடங்குவதற்கு முன் டேப் வெறுமனே ஓடும் ஓரிரு வினாடியை எடுத்துக் காட்டுவோம். அது அதை மனதில் வைத்துக்கொண்டு, பாட்டு முழுவதிலும் அதே மாதிரி இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். நான் பியானோ தொடங்குவதற்கு முன்னால் இருந்த இரண்டு வினாடியைக் காட்டினேன். அது வெறும் டேப் இல்லை. பியானோவுக்கு முன்பே மாசிலாமணி பிரஷைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். நான் அவரைத்தான் அழுக்கு என்று காட்டியிருக்கிறேன். மென்பொருளின்மேல் குற்றமில்லை, சொன்னதைச் செய்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

அப்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். துடைத்த பிறகு போட்டுக் கேட்டபோது பியானோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, நான் அந்தத் தெளிவிலேயே மயங்கிவிட்டேன். அதற்குமேல் சத்தத்தையும் கொஞ்சம் ஏற்றினேன். மானேஜர் ஆறேழு பேரைக் கூட்டி, பழைய சிடியையும் என்னுடையதையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். நான் சாக்ஸபோன் பொங்கி வரும் இடங்களாகப் பார்த்து மாற்றினேன். லெவலைச் சமப்படுத்தவில்லை. என்னுடையது சத்தமாக ஒலித்தது, எல்லோரும் அதற்கே கை தூக்கினார்கள். “அறையில ஏசி ஓடறது கேக்குது சார், அவ்வளவு சுத்தம்” என்று இந்தியில் சொன்னார் மானேஜர். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

சிடி வெளியானது. கம்பெனி மாசிலாமணிக்கு இரண்டு பிரதி அனுப்பியது. ஒரு வாரம் கழித்து, முன்பின் சொல்லாமல், அவரே செம்பூருக்கு வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப் பை, பைக்குள் அந்த சிடி. அவரை ஓரிரு தடவை பார்த்திருக்கிறேன். தாராவியில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் வந்த நேரம் சரியில்லை. வெளிநாட்டு விற்பனை பேச வந்த ஒருவர் மானேஜரோடு என் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்காக சிடி பெட்டி பெட்டியாகக் கீழே தயாராக இருந்தது.

“தம்பி, சிடி நல்லா வந்திருக்கு. பியானோவெல்லாம் இப்பதான் வாசிச்ச மாதிரி இருக்கு” என்றார் மாசிலாமணி. “ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?”

“சொல்லுங்கோ அண்ணாச்சி.”

“ரெண்டாம் பக்கத்துல மெதுவா ஒரு பாட்டு இருக்குல்லா. அதுல நான் பிரஷ் போட்டேன். அது கேக்கவே இல்ல தம்பி. வீட்ல இருக்கது சோட்டா பிளேயரு, அதனாலயோ என்னமோன்னு பாத்தேன். இங்க பெரிய மெஷின்ல ஒருக்கா போட்டுக் காட்டுவீங்களா?”

மானேஜருக்குத் தமிழ் வராது. “க்யா போல் ரஹா ஹை?”, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

“குச் நஹி சார், தேங்க்ஸ் போல் ரஹே ஹை”, ஒன்றுமில்லை, நன்றி சொல்கிறார் என்றேன். அன்றைக்குச் சொன்ன முதல் பொய் அது.

பெரிய ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டேன். மாசிலாமணி முன்னால் சாய்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு கேட்டார். வந்தவரும் மானேஜரும் தலையாட்டினார்கள். நானும் கேட்டேன். எனக்கும் பிரஷ் கேட்கவில்லை. அந்த ஒரு நொடியை நான் மறக்கவே மாட்டேன். டேப் பக்கத்து அறை அலமாரியில் இருந்தது. எடுத்து வந்து மாட்டி ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கோ, டேப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடுதாசியே எழுத வேண்டியிருக்காது.

நான் சொன்னது வேறு. “அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வயசாறது?”

“அறுவத்தாறு.”

“அறுபது தாண்டினாலே காதுல மேல் சத்தமெல்லாம் குறைய ஆரம்பிச்சுடும். டிரம்ஸ் பக்கத்துலயே ஆயுசு பூரா உக்காந்தவாளுக்கு இன்னும் சீக்கிரம் போயிடும். பிரஷ் சத்தம் பூரா மேல் சத்தம்தான். சிடியில இருக்கு. உங்களுக்குக் கேக்கலை, அவ்வளவுதான்.”

“உங்களுக்குக் கேக்குதா தம்பி?”

“எனக்கு நன்னா கேக்கறது.”

அவர் என் முகத்தையே பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி பார்த்தார். வலது காதை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டார்.

“அப்ப சரி. நமக்குத்தான் வயசாயிட்டு” என்று சொல்லிவிட்டு, மானேஜருக்கும் வந்தவருக்கும் ஒரு சலாம் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளையும் மிஞ்சிவிட்டேன், பார்க்க வந்தவர் கண் கோணல் என்றேன். இதில் கேவலம் என்னவென்றால், நான் சொன்னதில் பாதி உண்மை. வயதானால் மேல் சத்தம் குறையத்தான் செய்யும். அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது, அவரும் அவ்வளவு சுலபமாக நம்பினார். உங்களில் யாரிடமாவது ஒருவர் வந்து இது சரியாக இல்லை என்றால், அவர் காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். எழுந்து போய் டேப்பைப் போடுங்கள். அறையில் எந்தக் கொம்பன் உட்கார்ந்திருந்தாலும் சரி.

வெளிநாட்டு விற்பனை முடிந்தது. நான் அன்றைக்கே டேப்பைப் பார்த்திருக்கலாம், மறுநாள் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன. ஒரு மாதம் போனதும் பயமும் போய்விட்டது. நான் சொன்னதை நானே நம்பிவிட்டேன்.

ஏழு வருஷம் ஆயிற்று.

வேலை போக எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் ஆனதும் என்னோடு சேர்த்து ஐந்தாறு ஜாஸ் பிரியர்கள் மாட்டுங்காவில் என் வீட்டில் கூடுவோம். ஒரே ஆல்பத்தின் வெவ்வேறு சிடிகளைப் போட்டு, எது எது என்று தெரியாமல் கேட்டு, எது நல்லது என்று சண்டை போடுவோம். வீடு ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. லோக்கல் போகும்போது நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து போடுவோம். எங்கள் கூட்டத்தில் லலிதா என்று ஒரு பல் டாக்டர். மீட்டர் வைத்து லெவலைச் சமமாக்காமல் ஒரு பாட்டுக்கூடக் கேட்கமாட்டார். அவர் வந்த பிறகுதான் அந்த வழக்கமே எங்களுக்கு வந்தது.

அந்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு சிடி வந்திருந்தது. எங்கள் அதே ஆல்பம். அங்கே ஒரு கம்பெனி நம்மிடமிருந்து மூல டேப்பை இரவல் வாங்கித் தாங்களே புதிதாகத் தயாரித்த பதிப்பு. பழைய சிடி, என் சிடி, புதிய சிடி மூன்றையும் வைத்துப் பார்ப்போம் என்று நானேதான் சொன்னேன். என்னுடையது ஜெயிக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. லலிதாவின் கணவர் வரிசையைச் சீட்டில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லெவல் சமம் ஆயிற்று. அந்த மெதுவான பாட்டை மூன்று தடவை போட்டோம்.

முடிந்ததும் லலிதா சொன்னார், “ரெண்டாவதுல ஒரு ஆள் குறையறார்.”

“யாரு?”

“அது தெரியலை. மொதல்லயும் மூணாவதுலயும் நாலு பேர் இருக்கா. ரெண்டாவதுல மூணு பேர்தான். பியானோவுக்கு அடியில யாரோ வாசல் பெருக்கற மாதிரி ஒரு சத்தம் வந்துண்டே இருந்துதே, அது ரெண்டாவதுல இல்லவே இல்லை.”

சீட்டைப் பிரித்தார்கள். ஒன்று, பழையது. இரண்டு, என்னுடையது. மூன்று, வெளிநாட்டுப் பதிப்பு. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “சார், டிரம்மரை எங்க அனுப்பிச்சேள்? டீ வாங்கிண்டு வரவா?” என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். நல்லவேளை அப்போது ஒரு ஃபாஸ்ட் லோக்கல் போயிற்று. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். என் கையெழுத்துதான். அந்தப் பாட்டுக்கு நேரே, இரைச்சல் மாதிரி எடுத்த இடம், பியானோவுக்கு முந்தைய இரண்டு வினாடி என்று இருந்தது. திரும்பி வந்திருந்த டேப்பைப் போட்டேன். ஹெட்போனில் அந்த இரண்டு வினாடியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். டேப் இரைச்சல் சீராக இருக்கும், ஏறி இறங்காது. இது ஏறி இறங்கியது. வட்டம், வட்டம், வட்டம். ஒரு மனிதன் கையைச் சுழற்றுகிறான். எப்படி எனக்குக் கேட்காமல் போயிற்று? அன்றைக்கு அவர் காது நன்றாக இருந்தது. என் காதுதான் செவிடாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

திருத்திய பதிப்பு போடலாம் என்று மானேஜரிடம் கேட்டேன். சிடி விற்கிற காலம் போயிற்று, விடுங்கள் என்றார். இன்றைக்கும் போனில் அந்த ஆல்பத்தைத் தேடினால் வருவது என்னுடையதுதான், மாசிலாமணி இல்லாதது. டேப் இன்னும் அலமாரியில் இருக்கிறது. உங்களில் யாருக்காவது ஒரு சனிக்கிழமை ஓய்வாகக் கிடைத்தால், புண்ணியமாகப் போகும், அதை மறுபடி செய்து மாற்றிவிடுங்கள். இந்த ஒன்றை நான் உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

தாராவிக்குப் போக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் மழை, ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் சும்மா. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வீட்டில் இருப்பார் என்று மத்தியானம் போனேன். வெளிநாட்டு சிடி, ஒரு சின்ன பிளேயர், என் நல்ல ஹெட்போன் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். கீழே தையல் கடை, மேலே அவர் வீடு, செங்குத்தான இரும்பு ஏணி. அவருடைய மகள் எஸ்தர் இறங்கி வந்தாள். ஐரோலியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சிடி கம்பெனி என்றதும் என்னை யார் என்று தெரிந்துகொண்டாள்.

“அப்பா சாப்பிட்டிட்டிருக்காங்க சார். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, காது கேக்காது.”

“இன்னும் வாசிக்கறாரா?” என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

“இல்ல சார். உங்க ஆபீசுக்கு வந்துட்டுப் போன அந்த வாரமே நிப்பாட்டிட்டாங்க. சர்ச்ல வாசிச்சிட்டிருந்தாங்க, செம்பூர்ல சனிக்கிழமை ஒரு பேண்டு இருந்துச்சு, எல்லாத்தையும். காது போனவன் தாளம் போட்டா மத்தவங்களுக்குத் தொந்தரவுன்னாங்க. நாங்க எவ்வளவோ சொன்னோம். இன்ஜினியரே சொல்லிட்டாரு, அவரைவிட ஒங்களுக்குத் தெரியுமான்னு எங்களைச் சத்தம் போட்டாங்க.”

ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “அப்போ அவருக்குக் காது எப்படி இருந்தது?”

“அப்பல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு. நான் அந்த ரூம்ல போன்ல மெதுவாப் பேசுறதுக்கு இங்கருந்து பதில் சொல்லுவாங்க. இப்ப ரெண்டு வருசமாத்தான் நிஜமாவே மோசம். டாக்டர்கிட்ட காட்டியாச்சு.”

மேலே போனேன். மாசிலாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “அரே, தம்பியா! வாங்க, வாங்க” என்று என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இளைத்திருந்தார். எஸ்தர் ஃபேனை என் பக்கம் திருப்பினாள். புது சிடி வந்திருக்கிறது என்று காட்டி, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, அந்தப் பாட்டைப் போட்டேன். சத்தத்தை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “பியானோ கேக்கு” என்றார் கொஞ்ச நேரத்தில், பெரிய குரலில். அப்புறம் “பாஸ் கேக்கு” என்றார். பாட்டு முடியும்வரை நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, உடைந்துவிடுமோ என்பது போல் இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

“அன்னைக்கு மாதிரிதான் இருக்கு தம்பி. நீங்க அப்பமே கரெக்டாச் சொன்னீங்க. நமக்குத்தான் காது போயிட்டு.”

எஸ்தர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். மறுபடி போட்டேன். பாட்டு ஆரம்பித்த மாத்திரத்தில், பியானோ வருவதற்கும் முன்பே, அவள் முகம் மாறியது. “இருக்குப்பா” என்றாள். “நல்லாக் கேக்குது. ஒரு தப்பு இல்லாம கேக்குது.” அவருக்கு அது கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், அவள் ஏதோ எனக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்.

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. “அண்ணாச்சி, அன்னிக்கு உங்க காதுல ஒண்ணுமே இல்லை” என்றேன்.

“ஆ?”

மறுபடி சொன்னேன், கொஞ்சம் உரக்க. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, “என்ன சொல்லுதீங்க தம்பி?” என்றார்.

இப்படி ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். கத்தினேன். “உங்க காது நன்னா இருந்தது! சிடியிலதான் பிரஷ் இல்லை! நான்தான் அழிச்சுட்டேன்! எனக்குக் கேக்கறதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்!”

கீழே தையல் மெஷின் நின்றது. எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். எஸ்தர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மாசிலாமணி கோபப்படவில்லை. அவருக்கு விளங்க நேரம் பிடித்தது. மகள் பக்கம் திரும்பி, “அன்னைக்குன்னா என்னைக்குட்டி?” என்று கேட்டார். எஸ்தர் ஒரு கையை விரித்து, இன்னொரு கையில் இரண்டு விரலைக் காட்டினாள். அந்த விரல்களை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்பம் நான் வாசிச்சிருக்கலாமே தம்பி” என்றார்.